புதன்கிழமை குக்கர்

உட்காரு கண்ணு, உட்காரு. உன் டோக்கன் இன்னா? நூத்திப் பதிமூணா? நான் நூத்திப் பன்னெண்டு. இப்பத்தான் அறுபத்தெட்டு போவுது. மைக்ல கூப்பிடுவாங்க, காதைக் குடுத்துக்கினு இருந்தா போதும். இந்த மிலிட்டரி கேன்டீன்ல ரிடையர் ஆன பெருசுங்க வந்துட்டாங்கன்னா வரிசை நகரவே நகராது. ஒவ்வொருத்தரும் பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, மூடியைத் தடவிப் பார்த்து, அவரு காலத்து கர்னலைப் பத்தி ஒரு கதை சொல்லிட்டுத்தான் இடத்தை விடுவாரு. நம்ம மளிகைக்கு மத்தியானம் ஆயிடும். ஃபேன் காத்து இந்தப் பக்கம்தான் வரும், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரு.

நீ புதுசுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிக்கினேன். கேன்டீன் கார்டை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினு இருக்கியே. வூட்டுக்காரர் மேல பனிமலை டூட்டிக்குப் போயிட்டாரா? முதல் தடவையா? அதான் போனை மடியில வச்சிக்கினு திருப்பித் திருப்பிப் பாக்கற. பாக்கறதால அது அடிச்சிடாது கண்ணு. பதினேழு வருஷமா போனைப் பாக்கறவ சொல்றேன்.

என் பேரு புஷ்பலதா. குடியாத்தம் பக்கம். எங்க வூட்டுக்காரர் ஹவில்தார் ஏகாம்பரம். புருஷன் பனிமலைக்குப் போயிட்டா குடும்பம் மட்டும் தங்கறதுக்குன்னு குவார்ட்டர்ஸ் குடுக்கறாங்க இல்ல, அதுல பி பிளாக் எங்களுது. பன்னெண்டு வூடு. பன்னெண்டு வாசல்லயும் ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும், உள்ள ஆம்பளை இருக்க மாட்டான். அது ஒரு பாதுகாப்புக்கு. நீயும் போட்டு வையி. வாரம் ஒரு தடவை தூசி தட்டணும், இல்லன்னா திருடனுக்குத் தெரிஞ்சிபூடும்.

வசதி எல்லாம் இருக்குது, இல்லேன்னு சொல்லக்கூடாது. ஸ்கூலுக்கு வண்டி வருது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வருது. குழாய் ஒழுகுதுன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தா நாலாவது தடவை ஆள் வர்றான். மாசத்துல ஒரு நாள் மேடம் மீட்டிங் வைப்பாங்க. மேடம்னா, பெரிய ஆபீசரோட சம்சாரம். வடக்கத்திக்காரங்க, ஆனா தமிழ் நல்லாவே பேசுவாங்க. தையல் கிளாஸ், கேக் கிளாஸ் எல்லாம் நடக்கும். மனசு சரியில்லன்னா பேசறதுக்குன்னு ஒரு டாக்டரம்மா வேற செவ்வாய்க்கிழமை வந்து உட்கார்ந்துக்கினு இருப்பாங்க. நான் ஒரு நாளும் போனதில்ல. எனக்கு இன்னா கஷ்டம்? அதுவும் இல்லாம செவ்வாய்க்கிழமை எனக்கு ஒழியாது. அன்னிக்குத்தான் என் வூட்டுல ஒத்திகை.

ஒத்திகைன்னா இன்னான்னு பாக்கறியா? சொல்றேன். இதுதான் உனக்கு முக்கியம், நல்லா கேட்டுக்க.

மேல அவங்க காவல் இருக்கற போஸ்ட்ல சிக்னல் கிடையாது. புதன்கிழமை மட்டும் சாட்டிலைட் போன்னு ஒரு பெரிய போன்ல வரிசையா நின்னு பேசுவாங்க. ஆளுக்கு நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துல நீ மூணு நிமிஷம் அழுதின்னா மிச்சம் இன்னா இருக்கும்? அதனால செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீ போட்டுக் குடுத்து எல்லாரையும் உட்கார வைப்பேன். நான்தான் புருஷன். சோப்பு டப்பாவைக் காதுல வச்சிக்கினு, "ஹலோ, எப்படி இருக்கே?"ன்னு ஆம்பளைக் குரல்ல கேப்பேன். ஒவ்வொருத்தியா பதில் சொல்லணும். காய்ச்சல் சொல்லக்கூடாது. மாமியார் சொல்லக்கூடாது. குழந்தை பரீட்சையில கோட்டை விட்டது சொல்லக்கூடாது. நல்லா இருக்கோம், சாப்பிட்டோம், மழை பேஞ்சுது, உங்க செருப்பைத் தொடைச்சி வச்சேன். அவ்வளவுதான். குரல் நடுங்கிச்சின்னா மறுபடியும் முதல்லருந்து.

அப்படியும் அழுகை வந்துடுச்சின்னா? அதுக்குத்தான் குக்கர். போன் வர்ற நேரத்துக்கு அடுப்புல குக்கர் இருக்கணும். தொண்டை அடைக்குதா, "இருங்க, குக்கர் விசில் அடிக்குது, இறக்கிட்டு வர்றேன்"னு சொல்லு. போய் மூஞ்சி துடைச்சிக்கினு, ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு வா. பத்து செகண்டுதான் போவும். புதன்கிழமை எங்க பிளாக்குல நடந்து பாரு, பன்னெண்டு வூட்டுலயும் விசில் கேக்கும். வர்றவங்க எல்லாம் இன்னா இங்க ஏதாச்சும் விசேஷமான்னு கேப்பாங்க.

சிரிக்கறியா? சிரி. ஆனா நான் ஒண்ணும் சும்மா இந்தச் சட்டத்தைப் போடல.

எனக்கு முதல் வருஷம். பொண்ணுக்கு எட்டு மாசம். நூத்தி நாலு காய்ச்சல். அன்னிக்குன்னு போன் வந்துச்சி. "பாப்பாவுக்கு..."ன்னு ஆரம்பிச்சேன், அதுக்கு மேல வாய் வரல. அழுதேன். நாலு நிமிஷமும் அழுதேன். லைன் கட்டாயிடுச்சி. மறுநாளே காய்ச்சல் இறங்கிப் போச்சி, பொண்ணு விளையாட ஆரம்பிச்சிட்டா. ஆனா அவருக்கு அது தெரியாதே. அடுத்த புதன்கிழமை வரைக்கும் ஏழு நாள், குழந்தை இருக்குதா போச்சான்னே தெரியாம அந்தப் பனியில உட்கார்ந்துக்கினு இருந்திருக்காரு மனுஷன். சோறு இறங்கலையாம். அடுத்த வாரம் போன்ல பாப்பா 'ங்கா'ன்னுச்சி பாரு, இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு நாலு நிமிஷமும் அதையே கேட்டுக்கினு இருந்தாரு. அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே என் வாயிலருந்து கெட்ட சேதி மேல போவாதுன்னு.

எண்பத்தொண்ணா? போவட்டும், போவட்டும்.

என்கிட்ட படிச்சதுலயே கெட்டிக்காரி சபீனா. பக்கத்து வூடு. ஆம்பூர் பொண்ணு. அவ புருஷன் இம்தியாஸும் எங்க வூட்டுக்காரரும் ஒரே போஸ்ட்டு. வந்த புதுசுல தும்மினாகூட புருஷன்கிட்ட சொல்லுவா. போன வருஷம் அவ பையன் மாடிப்படியில விழுந்து கையை உடைச்சிக்கினான். சொல்லியே தீருவேன்னு நின்னா. நான் விடல. அவ எதிர்லயே குக்கரை ஏத்தி வச்சேன். பையன் ஒரு கையில மாவுக்கட்டு, இன்னொரு கையில போனைப் புடிச்சிக்கினு, "அத்தா, நான் நல்லா இருக்கேன்"ன்னான். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா பாரு. எவ்வளவு நன்றி அந்தக் கண்ணுல! நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யல, ஆனா அந்தப் பார்வை மறக்காது எனக்கு.

சரி, என் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இந்த வருஷம் நடந்ததைக் கேளு. கேட்டுட்டு நியாயத்தை நீயே சொல்லு.

தீபாவளி முடிஞ்ச வாரத்துலருந்து எங்க வூட்டுக்காரர் தினமும் போன் பண்ண ஆரம்பிச்சாரு. தினமும்! புதன்கிழமை கணக்கே இல்ல. பத்து நிமிஷம், பதினஞ்சு நிமிஷம். குரலும் பக்கத்து வூட்டுலருந்து பேசற மாதிரி தெளிவா இருக்குது. இன்னாங்கன்னு கேட்டா, "என்னைக் கீழ ஸ்டோருக்கு மாத்திட்டாங்க, இங்க சிக்னல் இருக்குது"ன்னாரு. எனக்குத் தலைகால் புரியல. சீனியாரிட்டிக்குக் குடுத்த மரியாதைன்னு பிளாக் பூராவும் சொல்லிக்கினு திரிஞ்சேன். சொன்னா எல்லாருக்கும் மூஞ்சி சுருங்குது. வசுமதின்னு ஒருத்தி, திருச்சிக்காரி, எழுந்து உள்ளயே போயிட்டா. பொறாமைதான், வேற இன்னா? அவங்களுக்கு நாலு நிமிஷம், எனக்கு பதினஞ்சு நிமிஷம். நானும் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

சபீனா மட்டும் அப்பப்ப வருவா. "அண்ணன் நல்லா இருக்காராம்க்கா, இவரு சொன்னாரு"ம்பா. சொல்லிட்டு உடனே, "குக்கர் வச்சிட்டு வந்தேன்க்கா"ன்னு ஓடிப்போவா. ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவை. இந்தப் பொண்ணு இன்னா, நாள் பூரா பருப்பே வேக வைக்குதுன்னு நெனச்சேன்.

அப்பத்தான் ஒரு நாள் போன்ல அவரு பக்கத்துல ஒரு பொம்பளைக் குரல். "ஏகாம்பரம்ஜி, ஏகாம்பரம்ஜி"ன்னு கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுது. யாருங்கன்னேன். "ஸ்டோர் கிளார்க்கு"ன்னாரு. மறுநாளும் அதே குரல். கிளார்க்குக்கு இன்னா வேலை, காலையில எட்டு மணிக்கு, இவரு பக்கத்துல? எனக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். பதினேழு வருஷமா கட்டிக் காப்பாத்தின சட்டத்தை எல்லாம் தூக்கிக் கடாசிட்டு, "எவ அவ?"ன்னு கத்தினேன். இந்த மனுஷன் சிரிக்கறாரு! விழுந்து விழுந்து சிரிக்கறாரு. ரொம்ப நாள் கழிச்சி சிரிக்கற மாதிரி சிரிச்சாரு. எனக்கு இன்னும் எரிஞ்சிச்சி.

நேரா மேடம்கிட்ட போயிட்டேன். மேடம், எங்க வூட்டுக்காரருக்குக் கீழ ஒரு தொடுப்பு ஏற்பட்டிருக்குது, நீங்கதான் விசாரிக்கணும்னேன். மேடம் பிஸ்கட் தட்டை நகர்த்தி வச்சிட்டு என் கையைப் புடிச்சிக்கினாங்க. "புஷ்பலதா, அப்படி எதுவும் கிடையாது, நான் கேரன்ட்டி குடுக்கறேன்"ன்னாங்க. சொல்லும்போதே அவங்க கண்ணுல தண்ணி. பாவம், பெரிய ஆபீசர் வூட்டுலயும் இதே கதைதான் போலன்னு எனக்குப் பட்டுச்சி. விடுங்க மேடம், ஆம்பளைங்களே அப்படித்தான்னு முதுகைத் தட்டிக் குடுத்துட்டு வந்தேன். ஆறுதல் தேடிப் போன இடத்துல நான் ஆறுதல் சொல்லிட்டு வர்றேன். என் ராசி அப்படி.

தொண்ணூத்தி நாலு. வந்துக்கினே இருக்குது.

மார்கழி பொறந்து முதல் திங்கட்கிழமை. கறிவேப்பிலை இல்லன்னு சபீனா வூட்டுக்குப் போனேன். வாசல்ல பார்த்தா பத்து ஜோடி பொம்பளைச் செருப்பு. பிளாக்கே உள்ள இருக்குது, என்னைத் தவிர. கதவு லேசா சாத்தியிருக்குது. உள்ளருந்து ஒரு குரல். "இன்னாடி, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கே? எங்க வூட்டுக்காரரைப் பத்தி எதாச்சும் சேதியா?"ன்னு கேக்குது. என் குரல்! நான் வெளிய நிக்கறேன், என் குரல் உள்ள கேக்குது. எட்டிப் பார்த்தா வசுமதி. புடவையைத் தூக்கிச் சொருகிக்கினு, இடுப்புல ஒரு கையை வச்சிக்கினு, நான் நிக்கற மாதிரி நிக்கறா. எதிர்ல சபீனா. "ஒண்ணும் இல்லக்கா, வெங்காயம் உரிச்சேன்"னு சொல்றா. சுத்தி உட்கார்ந்திருக்கறவளுங்க, "குரல் நடுங்குது, மறுபடியும் முதல்லருந்து"ங்கறாளுங்க. "சிரிச்சிக்கினே சொல்லு, அக்காவுக்கு சந்தேகம் வந்துடும்"ங்கறாளுங்க.

நான் கதவைத் தள்ளிட்டு உள்ள போனேன். அடுப்புல குக்கர் மட்டும் விசில் அடிச்சிது.

சபீனாதான் சொன்னா. தீபாவளி அன்னிக்கே ஹெலிகாப்டர்ல கீழ கொண்டாந்துட்டாங்களாம். குளிர்ல கால் விரல் கருத்துப் போச்சாம். இடது கால். மூணு விரலை எடுத்துட்டாங்களாம். ஸ்டோர் இல்ல, ஆஸ்பத்திரி. கிளார்க்கு இல்ல, நர்சம்மா. வூட்டுக்கு நானே சொல்லிக்கறேன்னு அவரு ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாராம், அதனால மேடமும் வாயைத் திறக்கல. இம்தியாஸ்கிட்ட, "உன் அண்ணிக்குத் தெரியக்கூடாது"ன்னு சத்தியம் வாங்கிக்கினாராம்.

எப்படிடி உனக்கு மனசு வந்துச்சி, ஒன்றரை மாசம் என் மூஞ்சியப் பார்த்துப் பேசினியேடின்னு கேட்டேன். அவ சொல்றா, "நீங்க சொல்லிக் குடுத்ததுதான்க்கா." அவ்வளவுதான் சொன்னா. குத்திக்காட்டறதுக்குச் சொல்லல. அழுதுக்கினே சொன்னா.

இதெல்லாம்கூட நான் மன்னிச்சிட்டேன். ஆனா அந்த வசுமதி என்னை மாதிரி செஞ்சா பாரு, அதை மட்டும் மன்னிக்க முடியல. நான் அப்படியா கண்ணு காக்கா மாதிரி பேசறேன்? நான் எப்பவாச்சும் இப்படி இடுப்புல கையை வச்சிக்கினு நிப்பேனா? ...சரி, இப்ப வச்சிருக்கேன், அது உனக்கு விளக்கறதுக்காக.

அவருகிட்ட எனக்குத் தெரியும்னு இன்னும் சொல்லல. மூணு வாரமாச்சி. தினமும் போன் பண்றாரு. ஸ்டோர்ல இன்னிக்கு அரிசி மூட்டை வந்துச்சி, உருளைக்கிழங்கு வந்துச்சின்னு கதை விடறாரு. நானும், ஓ அப்படியா, எத்தனை மூட்டைன்னு கேக்கறேன். பாவம், அவரும் முன்னாடியே ஒத்திகை பார்த்து வச்சிருப்பாரு, நான் ஏன் கெடுக்கணும்?

ஆனா ஒண்ணு சொல்றேன், வேற யார்கிட்டயும் சொல்லல. விரல் போனது எனக்குப் பெருசா தெரியல. ஆள் இருக்காரு, அது போதும். அந்த ஆஸ்பத்திரியில தனியா படுத்துக்கினு, வலியில, என்கிட்ட உருளைக்கிழங்கைப் பத்திப் பேசினாரே, அதுதான் தாங்கல. "புஷ்பா, எனக்கு வலிக்குது"ன்னு ஒரு தடவை சொல்லியிருக்கலாம் இல்ல? அந்த ஒரு வார்த்தையை என்கிட்ட சொல்ல முடியாதபடி நான் ஆயிட்டனே. அதுதான் கண்ணு ராத்திரி பகலா உள்ள அறுக்குது.

அவரு வாசல் செருப்பைத் தூசி தட்டறேன் இல்ல, இடது செருப்புல கை வச்சா அப்படியே உட்கார்ந்துடறேன். வலது செருப்புக்கு அப்படி இல்ல.

வெள்ளிக்கிழமை வர்றாரு. பொங்கலுக்கு லீவு. லீவாம்! அதான் இன்னிக்கு வந்தேன். உள்ள நல்ல ஷூ வந்திருக்குது, மெத்துன்னு இருக்குது, வசுமதிதான் சொன்னா. அவரு கால் எப்பவும் எட்டாம் நம்பர். இன்னிக்குக் காலையில போன்ல சொன்னேன், உங்களுக்கு ஷூ வாங்கப் போறேன், எந்த நம்பர்னு யோசிச்சி வையுங்கன்னு. அரிசி மூட்டைக்குப் பேச்சை மாத்தினாரு. அப்பால, "பதினொரு மணிக்குக் கூப்பிடறேன்"னு வச்சிட்டாரு. நான் வேணும்னுதான் கேட்டேன். சொல்றதுக்கு ஒரு வழி விட்டுக் குடுத்திருக்கேன். சொன்னாருன்னா சொல்லட்டும். சொல்லலன்னா எட்டாம் நம்பரை வாங்கிக்கினு போய், வெள்ளிக்கிழமை கதவைத் திறந்து, ஐயோ இன்னா ஆச்சிங்கன்னு புதுசா கேட்டுட்டுப் போறேன். அதுக்கும் ஒத்திகை பார்த்துட்டேன், கண்ணாடி முன்னாடி.

அதுக்குள்ள நூத்தி ஒம்பதா? பெருசுங்க கிளம்பிட்டாங்க போல. இரு, என் போன்தான். அவருதான். நீ எழுந்து போவாத, இங்கயே இரு. எப்படிப் பேசறதுன்னு பார்த்துக்க, உனக்கும் பாடம்.

ஹலோ... ஆங், நல்லா இருக்கேங்க. சாப்பிட்டேன். நீங்க? ...ஸ்டோர்லயா? ...ஓ. எத்தனை மூட்டை? ...சரி, ஷூ கேட்டேனே, எந்த நம்பர்? ...

எட்டா?

எட்டுதானா? ...இல்ல, சும்மா கேட்டேன். ஆமாமா, கால் இன்னா வளரவா போவுது. எட்டே வாங்கறேன். எட்டு... இருங்க, இருங்க, குக்கர் விசில் அடிக்குது, இறக்கிட்டு...

...இல்லங்க. ஆமா. மைக் சத்தம்தான். கேன்டீன்லதான் இருக்கேன்.

...

ஆமா. கேன்டீன்ல ஏது குக்கர்.

...தெரியுங்க. மூணு வாரமா தெரியும். ...யார் சொன்னா இன்னா. ...அவங்களைத் திட்டாதீங்க, எல்லாம் நான் வளர்த்ததுதான். ...இடது கால்னு தெரியும். மூணு விரல்னு தெரியும். ...

நாலா?

என்கிட்ட மூணுன்னாளுங்களே! ...பாவிங்க, பதினோரு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு விரலைக் குறைச்சிச் சொல்லியிருக்காளுங்க பாருங்க. ...சிரிக்காதீங்க. ...ஏங்க? ...ஏங்க, சிரிக்கறீங்களா அழறீங்களா?

...அழுங்க. பரவால்ல, அழுங்க. யாரும் லைனைக் கட் பண்ண மாட்டாங்க. நான் இருக்கேன், அழுங்க.

கண்ணு, நூத்திப் பன்னெண்டு கூப்பிட்டா நீ போய் வாங்கிக்க. எனக்கு நேரமாவும்.